இரண்டாம் குரல்

எங்கள் மாமா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்து பென்சன் வாங்கியவர். பென்சன் வந்த பிறகும் சும்மா இருக்கப் பிடிக்காமல் பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நத்தார் சமயத்தில் முத்தியால்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். பெட்டியைத் திறந்தால் சென்ட் வாசனையும் சாக்லேட் வாசனையும் தெரு வரைக்கும் போகும்.

1978 டிசம்பரில் வந்தபோது என் தங்கைகளுக்கென்று இரண்டு சின்ன இசைத்தட்டுகள் கொண்டுவந்தார். நாற்பத்தைந்து சுற்றுத் தட்டு. மாமா "காரான்த்-சேன்க் தூர்" என்பார். நடுவில் பெரிய ஓட்டை இருக்கும். நம் ஊர்ப் பெட்டியில் போட அந்த ஓட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் வில்லை வைக்க வேண்டும். அந்த வில்லை தொலைந்து போய் வீட்டில் நடந்த சண்டைகள் தனிக் கதை.

உறையில் இரண்டு பெண்கள். ஒருத்தி முழுக்க வெள்ளை, ஒருத்தி முழுக்கக் கருப்பு. பெயர் பக்காரா. அது ஒரு வகைக் கருஞ்சிவப்பு ரோஜாவின் பெயர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு தட்டில் "யெஸ் சார், ஐ கேன் பூகி". இன்னொன்றில் "பார்லே-வூ ப்ரான்சே", அதாவது "பிரெஞ்சு பேசுவீர்களா?".

அந்த இரண்டாவது தட்டின் தலைப்பைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது. நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாம் அந்த மொழியில்தான். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு நடந்தபோது எனக்குப் பதினோரு வயசு. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்பா கொடுக்கவில்லை. ஆனால் என்னைப் பிரெஞ்சுப் பள்ளியிலேயே விட்டுவைத்தார். பெரிய தங்கையையும் அங்கேதான் சேர்த்தார். சின்னவள், நாங்கள் பாப்பா என்று கூப்பிடுபவள், பள்ளிக்குப் போகும் வயசு வந்தபோது அப்பாவின் மனசு மாறிவிட்டது. "இனிமே பிரெஞ்சு எதுக்கு?" என்று தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். நான் 1973-ல் எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது பிரெஞ்சு பேசத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் டைப் அடிக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியைப் பாரிசிலிருந்து வந்த தட்டு கேட்டது. அதைப் பாடிய பெண்களோ பிரெஞ்சுக்காரிகள் இல்லை, ஸ்பெயின்காரிகள். ஒருவர் மைத்தே மத்தேயோஸ், இன்னொருவர் மரியா மெந்தியோலா. இருவரும் பிளமெங்கோ ஆடுபவர்கள். ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே கேனரித் தீவுகளில் புவெர்த்தெவெந்துரா என்று ஒரு தீவு. அங்கே ஒரு ஓட்டலில் சுற்றுலா வந்தவர்களுக்கு ஆடிப்பாடிக் கொண்டிருந்தபோது, ஆர்.சி.ஏ. இசைத்தட்டுக் கம்பெனியின் ஜெர்மன் கிளையைச் சேர்ந்த லியோன் டீன் என்பவர் பார்த்தார். ஹாம்பர்க் நகரத்துக்கு வரச் சொன்னார். அங்கே ரோல்ஃப் சோயா மெட்டுப் போட, ஃபிராங்க் டோஸ்டல் பாட்டெழுத, 1977-ல் "யெஸ் சார்" வந்தது. ஆடத் தெரியுமா என்று கேட்கிற ஆணுக்கு, தெரியும், ஆனால் அதற்குத் தகுந்த பாட்டு வேண்டும் என்று நிபந்தனை போடுகிற பெண்ணின் பாட்டு. ஒரே சீரான தாளம், மேலே வயலின்கள், நடுவே பெருமூச்சு விடுகிற மாதிரி குரல். ஐரோப்பா முழுக்க ஆடித் தீர்த்தது. அந்த வருஷம் அக்டோபரில் இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடம். ஒரு கோடிக்கு மேல் தட்டுகள் விற்றதாகச் சொல்வார்கள்.

அடுத்த வருஷம் இன்னும் வேடிக்கை. யூரோவிஷன் என்று ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கு ஒரு பாட்டு அனுப்பிப் போட்டி போடுவார்கள். 1978 ஏப்ரல் 22-ல் அது பாரிசில் நடந்தது. லக்சம்பர்க் என்ற குட்டி நாடு தன் சார்பில் அனுப்பியது இந்த ஸ்பெயின் பெண்களை! அந்தந்த நாடு தன் மொழியில்தான் பாட வேண்டும் என்பது அன்றைய விதி. லக்சம்பர்க்குக்குப் பிரெஞ்சும் சொந்த மொழி. ஆக, ஜெர்மன்காரர்கள் மெட்டமைத்து, ஸ்பெயின்காரிகள் பாடி, லக்சம்பர்க் பேரால், பாரிஸ் மேடையிலே "பிரெஞ்சு பேசுவீர்களா?" என்று கேட்டார்கள். இருபது நாடுகளில் ஏழாவது இடம் கிடைத்தது. இஸ்ரேல் ஜெயித்தது. மாமா அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் தட்டு வாங்கியிருக்கிறார். "பிரெஞ்சு தெரியாதவளுங்க எவ்வளவு அழகா பாடறாளுங்க பாரு. உங்க பிள்ளைங்களுக்கு மொழி தெரிஞ்சும் வாய் திறக்க மாட்டேங்குதுங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

இது போதாதா? என் தங்கைகள் இருவரும் அந்தப் பாட்டைப் பாடி ஆடிக் காட்டுவது என்று முடிவு செய்தார்கள். பெரியவளுக்கு இருபது வயசு, பாப்பாவுக்குப் பதினேழு. பெரியவளுக்கு மொழி தெரியும், எனவே மெட்டு அவளுக்கு. பாப்பாவுக்குத் தெரியாது. நான் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆபீஸ் வெள்ளைத்தாளில் இரண்டு பக்கம். பிரெஞ்சில் மூக்கால் சொல்கிற ஒலிகள் இருக்கிறதே, அவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது? ஏதோ ஒரு மாதிரி எழுதினேன். அவள் அதை அப்படியே மனப்பாடம் பண்ணினாள்.

பாப்பா பாடியது கீழ்க்குரல். தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது, முணுமுணுப்பு மாதிரி இருக்கும். ஆனால் பெரியவள் மேலே பாடும்போது இவள் கீழே சேர்ந்தால் பாட்டுக்கு உடம்பு வந்துவிடும். எனக்கு இது அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்தும் அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

1979 ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாள். காலையில் கடற்கரையில் போர் நினைவிடத்துக்குப் போய்விட்டு வந்த சொல்தா குடும்பங்கள் சாயங்காலம் மாமாவின் நண்பர் ஒருவர் வீட்டில் கூடினார்கள். தங்கைகள் பாடினார்கள். பெரியவளுக்கு வெள்ளைப் பாவாடை, பாப்பாவுக்குக் கருப்புத் துணி கிடைக்காமல் கருநீலம். பாட்டு முடிந்ததும் மெடல் குத்திய பெரியவர்கள் எழுந்து நின்று பெரியவளின் உச்சரிப்பைப் பாராட்டினார்கள். "எங்கம்மா படிச்சே?" என்று கேட்டார்கள். பாப்பா பக்கத்திலேயே நின்றாள். அவளிடம் ஒரு முதியவர், "நீ நல்லா ஆடினே" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வரும்போது ரிக்‌ஷாவில் அவள் பேசவே இல்லை. தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன்.

பிறகு வாழ்க்கை அதன்பாட்டுக்குப் போனது. பெரியவளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை அமைந்தது. பாரிஸ் போய்விட்டாள். பாப்பா உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டாள். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம்.

1994-ல் அப்பா காலமானார். வீடு மூன்று பேருக்கும் பொது. இரண்டு வருஷம் கழித்து, வீட்டின் பின்கட்டையும் அதை ஒட்டிய கிணற்றடியையும் விற்பது என்று நானும் பெரியவளும் தொலைபேசியில் பேசி முடிவு செய்தோம். எனக்கு மகன் படிப்புச் செலவு, அவளுக்கு அங்கே ஒரு வீடு வாங்க முன்பணம். பெரியவள் பவர் பத்திரம் அனுப்பினாள். விலை பேசி, நாள் குறித்து, எல்லாம் தயார். பாப்பாவிடம் பத்திரத்தோடு போனேன். பங்குப் பணம் எவ்வளவு வரும் என்று துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பைசா குறைவில்லாமல் மூன்றில் ஒரு பங்கு.

அவள் பத்திரத்தை ஒரு முறை படித்தாள். காபி கொடுத்தாள். கேட்டாள்:

"எல்லாம் பேசி முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சாச்சு பாப்பா. நல்ல விலை."

"அப்போ கையெழுத்துக்கு மட்டும்தான் நான் வேணுமா அண்ணே?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நீ என்ன வேண்டாம்னா சொல்லப் போறே?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வராமல் இல்லை. தவசம், கல்யாணம், காது குத்து எல்லாவற்றுக்கும் வந்தாள். வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, போய்விடுவாள். பின்பக்கம் போகமாட்டாள். அங்கே இப்போது வேறு ஒருவர் எழுப்பிய சுவர். என்னோடு சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. அவள் பெரியவளுக்குப் போன் செய்வதையும் விட்டுவிட்டாள். பணத்தில் ஏதோ மனக்குறை என்று என் மனைவி சொன்னாள். பணத்தில் நான் ஒரு பைசா ஏமாற்றவில்லையே என்று நானும் இருபத்தைந்து வருஷம் என்னையே நியாயப்படுத்திக்கொண்டு இருந்தேன்.

2021 செப்டம்பர். கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து, மாஸ்க்கோடு வெளியே நடமாட ஆரம்பித்திருந்த நேரம். கைபேசியில் ஒரு செய்தி. செப்டம்பர் 11-ஆம் தேதி மத்ரீத் நகரத்தில் மரியா மெந்தியோலா காலமானார், வயது 69. என்னைவிட ஒரு வயது சின்னவர். பழைய தட்டு உறை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? அவர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படித்தேன்.

முதல் வருஷம் நவம்பரில்தான் அந்தப் பாட்டுக்கு மறுபிறவி கிடைத்திருந்தது. ஸ்காட்லாந்துக் கால்பந்து அணி பெல்கிரேடில் செர்பியாவைப் பெனால்ட்டியில் ஜெயித்து, 1998-க்குப் பிறகு முதல் தடவையாக ஒரு பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றது. அந்த ராத்திரி ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையில் "யெஸ் சார்" பாடிக் குதித்த படம் உலகமெல்லாம் சுற்ற, நாற்பத்து மூன்று வருஷம் கழித்துப் பாட்டு மறுபடியும் இங்கிலாந்துப் பட்டியலுக்குள் நுழைந்தது. மரியா அதைப் பார்க்க உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு விஷயம். இந்த ஜோடி ஏன் பிரிந்தது என்பது. பெரும்பாலான பாட்டுகளில் முன்குரல் மைத்தேயுடையது. மரியா துணைக்குரல். 1980-ல் "ஸ்லீப்பி-டைம்-டாய்" என்று ஒரு தட்டு வந்தது. அதில் தன் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று மரியா மனம் நொந்தார். நமக்குத் தெரியாதது என்னவென்றால், இசைத்தட்டுக்கு ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பதிவு செய்வார்கள். பிறகு ஒருவர் உட்கார்ந்து எது தூக்கலாக, எது அடக்கமாகக் கேட்க வேண்டும் என்று கலப்பார். ஒரு விசையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும், பாடியவள் பாடியிருப்பாள், ஆனால் கேட்கமாட்டாள். மரியா வழக்கு வரைக்கும் போனார். கம்பெனி அந்தத் தட்டைத் திரும்பப் பெற்று, வேறு மாதிரி கலந்து வெளியிட்டது. ஆனால் உறவு முறிந்துவிட்டது. மெட்டுப் போட்டவரும் எழுதியவரும் விலகிக்கொண்டார்கள். 1981-ல் ஜோடி பிரிந்தது. பிறகு மைத்தே வேறு துணையோடு ஒரு பக்காரா, மரியா வேறு துணையோடு இன்னொரு பக்காரா. ஒரே பேரில் இரண்டு குழு, இரண்டு மேடையிலும் அதே பாட்டு.

"குரல் கேட்கவில்லை" என்பதற்காகவா இவ்வளவு என்று முதலில் தோன்றியது. இரண்டு பேருக்கும் பேர் வந்தது, புகழ் வந்தது, தட்டின் உறையில் இரண்டு பேர் படமும் இருந்தது. அப்புறம் என்ன? இப்படி நினைத்தவுடனே, கையில் துண்டுச்சீட்டோடு பாப்பா வீட்டில் உட்கார்ந்திருந்த என்னையே பார்த்தேன். பைசா குறைவில்லாமல் மூன்றில் ஒரு பங்கு. பத்திரத்தில் அவள் பேரும் இருந்தது. விசையை மட்டும் நான் இறக்கி வைத்திருந்தேன்.

முப்பத்தெட்டு வருஷம் கோப்பு பார்த்தவன் நான். சம்பந்தப்பட்டவரிடம் கருத்துக் கேட்காமல் உத்தரவு போட்டால் அந்தக் கோப்பை மேசையிலிருந்து திருப்பி அனுப்புவேன். "உரியவரிடம் கருத்துக் கேட்டு மறுபடி வைக்கவும்" என்று எத்தனை தடவை நோட் போட்டிருக்கிறேன்! ஊரார் கோப்பில் பார்த்த நியாயத்தை என் வீட்டுக் கோப்பில் பார்க்கவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பதாலேயே கேட்காமல் விட்டேன்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். இருவர் முகத்திலும் மாஸ்க். விசேஷம் எதுவும் இல்லாமல் நான் வந்ததில் அவளுக்குப் பயம். "யாருக்கு என்ன ஆச்சு அண்ணே?" என்றாள். "ஒண்ணுமில்ல. நம்ம தட்டுல பாடினவங்கள்ல ஒருத்தர் போயிட்டாங்க" என்று கைபேசியில் படத்தைக் காட்டினேன். உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

பிறகு சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அந்தப் பின்கட்டு விஷயத்துல உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம விட்டது தப்பு, பாப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "அந்தக் கிணத்தடியிலதான் நானும் அக்காவும் பாட்டுப் பழகினோம். விக்கறதுக்கு முந்தி ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போயிருப்பேன். அவ்வளவுதான் அண்ணே."

இருபத்தைந்து வருஷம். ஒரு சாயங்காலம் கிணற்றடியைப் பார்க்கக் கேட்டிருப்பாள். அதற்குத்தான் நான் பணக்கணக்கு போட்டுப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

கைபேசியில் அந்தப் பாட்டைப் போட்டேன். அவள் மாஸ்க்குக்குள்ளேயே கீழ்க்குரலைப் பிடித்தாள். வயசான குரல், மூச்சு வாங்குகிறது, ஆனால் ஒரு சொல் விடவில்லை. நடுவில் ஓரிடத்தில் தட்டில் ஒன்று ஒலிக்க இவள் வேறொன்று பாடினாள். எனக்குப் புரிந்துவிட்டது. அது நான் தமிழ் எழுத்தில் தப்பாக எழுதிக் கொடுத்த இடம். நாற்பத்திரண்டு வருஷமாக என் தப்பை அவள் அப்படியே பாடிக்கொண்டிருக்கிறாள்! சொல்லிச் சிரித்தேன். "அன்னிக்கே எனக்குத் தெரியும். அக்கா வேற மாதிரி பாடறான்னு. நீ எழுதிக் குடுத்ததுன்னு மாத்தல" என்றாள்.

அன்று ராத்திரி பெரியவளுக்குப் படம் தெரியும்படி போன் போட்டோம். அவளுக்கும் மன்னிப்புக் கேட்க இருந்தது, கேட்டாள். இருவரும் அழுததை நான் எழுதப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. போன வருஷம் வீட்டின் முன்கட்டை வாங்க நல்ல விலைக்கு ஒருவர் வந்தார். மாடி ஏற முடியாத வயசு, மகன் வெளியூரில், விற்றால் என்ன என்று எனக்கும் ஒரு எண்ணம். பெரியவளும் "உன் இஷ்டம்ணே" என்றாள். இந்தத் தடவை விலை பேசுவதற்கு முன்பே, தரகரை வாசலில் உட்கார வைத்துவிட்டு, பாப்பாவுக்குப் போன் செய்தேன்.

அவள் வேண்டாம் என்றாள்.

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, மறைக்கவில்லை. கேட்பது என்றால் வேண்டாம் என்ற பதிலுக்கும் இடம் வைத்துத்தானே கேட்க வேண்டும்? தரகருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இதை அந்த முன்கட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மாற்ற வேண்டும். என்ன ஓடு போடலாம் என்று நாளைக்குப் பாப்பா வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.